சனிக்கிழமை அமெச்சூர் வானொலிப் பயிற்சி

நண்பர்களே, சனி மாலை 5 மணிக்குச் சுங்கை சிப்புட் கோயில் திடலில் கூடுகிறோம். 2 மீட்டர் அலைவரிசைப் பட்டையில், அதாவது 144 முதல் 148 மெகாஹெர்ட்சுக்குள், பேசுவோம். உரிமம் இல்லாதவர்கள் கேட்கலாம். பேசும் பொத்தானைத் தொடக் கூடாது. மற்றவர்கள் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் தங்கள் அழைப்புக் குறியை (உரிமத்தோடு வரும் அடையாளக் குறியை) முழுதாகச் சொல்லவும்.

பொத்தானை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். இல்லையேல் முதல் சொல் காணாமல் போகும். ரிப்பீட்டருக்கு (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்துக்கு), கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைப் பதிந்து வரவும். குரல் கேட்டும் பதில் போகவில்லை என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நனைந்த செம்பனை ஓலை சிக்னலை விழுங்கும். பள்ளத்தில் நின்று கத்திப் பயனில்லை. மேட்டில் ஏறி ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். வியாபாரப் பேச்சுக்கு அனுமதி இல்லை. நாசி லெமாக் ஆர்டர்கள் இந்த அரட்டைக் குழுவோடு நிற்கட்டும்!

பேட்டரியை வெள்ளி இரவே சார்ஜ் செய்துவிடுங்கள்.