நீங்கள் மாட்டிய டயரைக் காட்டி நீங்களே மறுத்த வாரண்டி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஃபோர் வீல் டிரைவ் சிறிய காரின் கப்ளிங் பழுது, வாரண்டி மறுப்பு, உங்கள் ஊழியர்களின் நடத்தை

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கடிதத்தில் உள்ளதை நான் ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது, மின்னஞ்சலில் எழுதியாகிவிட்டது, உங்கள் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் கால் கடுக்க நின்றும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புகார் எண் கொடுத்தார்கள். பழைய எண் என்னவாயிற்று என்று கேட்டால், "மூடப்பட்டுவிட்டது" என்றார்கள். மூடியது யார் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, இனி எழுத்தில் மட்டும் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

குறை இதுதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது, யாரோ பிரேக்கைப் பிடித்துக்கொண்டதுபோல வண்டி திணறுகிறது. டயர்கள் தரையில் உரசிக் கீச்சிடுகின்றன. பின்பக்கத்திலிருந்து அதிர்வு வருகிறது. நேரான சாலையில் வேகம் கூடினால் விடாத முனகல். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே விசையைக் கடத்தும் விஸ்கஸ் கப்ளிங் இறுகிப்போய், முன் அச்சையும் பின் அச்சையும் விடாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்பதை, வண்டியைச் செய்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் எழுதியது: "சத்தம் இயல்பானது." நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே "வாடிக்கையாளர் திருப்தி" என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது.

இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது? உங்கள் சர்வீஸ் சென்டர் முன்சக்கரங்களுக்கு இரண்டு புதிய டயர்களை மாட்டிய பிறகு. வழக்கமான சர்வீசுக்குத்தான் வண்டியை விட்டிருந்தேன். முன் டயர்கள் தேய்ந்துவிட்டன, இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவர்கள் உங்கள் ஆட்கள். டயரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. பின்சக்கரங்களில் வேறு தயாரிப்பு டயர்கள், பாதிக்கு மேல் தேய்ந்தவை, அப்படியே இருந்தன. பில்லில் எல்லாம் இருக்கிறது. நகலை இணைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வாரண்டி பிரிவு அனுப்பியிருக்கும் பதிலைப் பாருங்கள். "நான்கு டயர்களும் ஒரே தயாரிப்பாகவும் ஒரே அளவு தேய்மானம் கொண்டவையாகவும் இல்லாததால் கப்ளிங் பழுதுக்கு வாரண்டி பொருந்தாது." அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. விதி முற்றிலும் சரியான விதி. புதிய டயரில் பட்டன் ஆழம், அதாவது மேற்பரப்புப் பள்ளங்களின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர். பின் டயரில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், சுற்றளவில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். நேராகப் போகும்போதுகூட முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். கப்ளிங்குக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம் ஓய்வே இல்லாமல் அரைபட்டுச் சூடேறும். கடைசியில் கெட்டுப்போகும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் மறுப்புக் கடிதமே சாட்சி. தெரிந்துகொண்டே இரண்டு டயரை மட்டும் மாட்டிவிட்டு, அதே டயரைக் காட்டி என்னைக் குற்றவாளியாக்குவதற்கு என்ன பெயர்?

உங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசிய அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. பெயரைக் கேட்டேன், தரவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அந்த மாடலில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாதே" என்றார். பின்கதவில் உங்கள் நிறுவனமே ஒட்டிய முத்திரையைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இசை ஒலித்தது. திரும்பி வந்தவர், "வறண்ட சாலையில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொண்டே ஓட்டியிருப்பீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்று அதட்டினார். எந்தச் சுவிட்சை? 1983-இல் ஃபியட் பாண்டாவின் ஃபோர் வீல் டிரைவ் வந்தபோது, பின்சக்கரங்களைச் சேர்ப்பதும் விடுவிப்பதும் ஓட்டுநர் கையில் இருந்தது, அதற்கென்று தனி நெம்புகோல் இருந்தது. உங்கள் வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. எப்போது எவ்வளவு விசை பின்னால் போக வேண்டும் என்பதைக் கப்ளிங்தான் தீர்மானிக்கிறது. அதைத்தானே பெருமையாகச் சொல்லி விற்றீர்கள்? இல்லாத சுவிட்சை நான் எப்படி அணைப்பது என்று கேட்டதற்கு, "கையேட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் ஏன் இப்படிப்பட்ட வண்டியை வாங்குகிறீர்கள்? நகரத்துக்குள் ஓட்ட இது எதற்கு?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று ஆரம்பத்தில் உங்கள் இயந்திரம் அறிவித்தது அல்லவா, அந்தப் பதிவைத் தயவுசெய்து நீங்கள் ஒருமுறை கேளுங்கள்.

கையேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்ட வேண்டாம், இழுத்து வருகிறோம் என்று நீங்களே அனுப்பிய ரெக்கவரி வண்டி, முன்சக்கரங்களை மட்டும் தூக்கிவிட்டுப் பின்சக்கரங்களைத் தரையில் உருட்டிக்கொண்டு போகப் பார்த்தது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல்தான் ஏற்ற வேண்டும் என்று உங்கள் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. குறுக்கே நின்று தடுத்தேன். அந்த வண்டியின் ஓட்டுநர் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தார். "சின்ன வண்டிதானே, இழுக்கலாம்" என்று பதில் வந்ததாம். தட்டையான மேடை கொண்ட வேறு வண்டி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு சர்வீஸ் சென்டர் போனால், ஃபோர் வீல் டிரைவ் தெரிந்த மெக்கானிக் விடுப்பில் இருக்கிறாராம், இன்னொரு நாள் வரவேண்டுமாம். இதை அழைத்து வருவதற்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

நகரத்துக்கு இது எதற்கு என்று கேட்டாரே, அவருக்கும் பதில் சொல்கிறேன். நெருக்கமான சந்தில் திரும்பும் அளவுக்குச் சிறியது, இரண்டு வண்டிக்கு நடுவில் கிடைக்கும் இடத்தில் நிறுத்தலாம். மழையில் வழுக்கும் செங்குத்தான ஏற்றத்தில், பெரிய பெரிய வண்டிகள் சக்கரம் சுழன்று நிற்கும்போது, எடை குறைந்த இந்த வண்டி சத்தமில்லாமல் ஏறிவிடும். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், சாமான் வைக்கும் இடம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இவ்வளவு நல்ல வண்டியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அதைப் பராமரிக்க ஆள் வைக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். இன்று அது ஒரு காயலான் கடைச் சரக்கு. என் வேலை கெட்டது, தூக்கம் போனது, இரத்த அழுத்தம் ஏறியது. சுருக்கமாக, என் வாழ்க்கையையே முடக்கிப் போட்டுவிட்டீர்கள். இதற்கெல்லாம் ஈடு கேட்டால் உங்கள் நிறுவனம் தாங்காது.

ஆனாலும் நியாயமானதை மட்டுமே கேட்கிறேன். கப்ளிங்கை உங்கள் செலவில் மாற்றுங்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பின் டிஃபரன்ஷியலையும் பிரித்துப் பாருங்கள், அங்கேயும் சேதம் இருந்தால் அதுவும் உங்கள் பொறுப்பே. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே தயாரிப்பில் புதிய டயர்கள் போட்டுத் தாருங்கள். அந்தத் தொலைபேசி ஊழியரின் பேச்சுக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேளுங்கள். "வருந்துகிறோம்" என்று தானாக வரும் மின்னஞ்சல் செல்லாது.

பொறுப்புள்ள ஓர் அதிகாரி இதைப் படித்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும் என்று இன்னமும் நம்புகிறேன். அப்படி ஒருவர் உங்களிடம் இருந்தால், அவருக்கு என் நன்றியை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். இல்லையென்றால், இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராத பட்சத்தில், டயர் பில், ஜாப் கார்டு, உங்கள் மறுப்புக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வழக்கறிஞரிடம் பேசியாயிற்று. மூன்று தாள்களையும் பார்த்துவிட்டு, "வாதாடவே தேவையில்லை" என்றார்.

வண்டி இப்போது உங்கள் பணிமனையில்தான் நிற்கிறது. இடம் மாற்ற நேர்ந்தால், தயவுசெய்து நான்கு சக்கரங்களையும் தூக்கி மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்

இணைப்பு: டயர் பில் நகல், ஜாப் கார்டு நகல், வாரண்டி மறுப்புக் கடித நகல்