பழுதுபார்ப்பவரின் கைத்திறனுக்கும் தகுதிகாண் தேர்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சுவரில் ஒயர் இழுத்து சுவிட்ச் போர்டு பொருத்துகிறவருக்கு நம் மாநிலத்தில் ஒரு தேர்வு உண்டு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு, ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுச் செய்முறை அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு இல்லை. அதே சுவிட்ச் போர்டில் செருகப்படும் டி.வி.யையும் இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் திறந்து பழுது நீக்குகிறவருக்கு, அந்த அளவு ஊரறிந்த தேர்வு ஏதும் இல்லை. குடியாத்தத்தில் மின்னணுச் சாதனப் பழுதுபார்ப்புக் கடை நடத்துபவன் என்ற முறையில் இக்குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் ஈராண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் பிரிவும் இருக்கிறது. ஆனால் எங்கள் கடைத்தெருவில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இங்கே இத்தொழிலில் இருப்பவர்களில் பலர், பள்ளியை இடையில் நிறுத்திவிட்டு ஏதாவதொரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளியின் கையைப் பார்த்தே வேலை கற்றவர்கள். 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிக் கிராமங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அவை பழுதாகிக் கடைக்கு வந்த காலத்தில்தான் இவர்களுடைய கை தேறியது. பிக்சர் டியூப் காலம் முடிந்து எல்.இ.டி. டி.வி.யும் இன்வெர்ட்டர் ஏ.சி.யும் வந்தபோது, மீண்டும் அடியிலிருந்து கற்றுக்கொண்டார்கள். இவ்வளவு கற்றவர்களிடம் அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை.

திறமையுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறிய முடியாத நிலை, வாடிக்கையாளரின் பணத்தோடு நிற்பதில்லை, உயிரையும் தொடுகிறது. டி.வி.யின் பவர் போர்டில் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம் டி.சி.யாக மாறி, பெரிய கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. பழுதான போர்டில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் இறங்காமல் நிற்பதுண்டு. முறையாகக் கற்றவர், ஹோல்டரில் மாட்டிய பல்பின் இரு ஒயர்களையும் கெபாசிட்டரின் முனைகளில் வைத்து அதை இறக்கிவிட்டு, மீட்டரிலும் பார்த்த பிறகே போர்டில் கை வைப்பார். கற்காதவர் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைப்பார். பொறி பறந்து அதன் நுனி உருகும், சில வேளை போர்டின் செப்புத் தடமும் பெயர்ந்துவிடும். உப்பிய லித்தியம் பேட்டரியை இரும்புத் தகட்டால் நெம்பி எடுப்பதும் இதே வகை அறியாமைதான். இவை கடைக்குள்ளே நடப்பதால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருக்குச் சொல்லப்படுவதெல்லாம் "போர்டு போயிடுச்சு" என்ற ஒரே வாக்கியம். சில ரூபாய் விலையுள்ள கெபாசிட்டரை மாற்றினால் ஓடக்கூடிய சாதனத்துக்கு முழு போர்டின் விலையை அவர் கொடுக்கிறார், அல்லது அதைக் குப்பைக்கு அனுப்புகிறார்.

மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் வந்து விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்குக் கைப்பேசி ஒன்றுதான் ஊரோடு உள்ள தொடர்பு. அது கெட்டால், மொழி தெரியாத ஊரில் எந்தக் கடையை நம்புவது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? கடைச் சுவரில் அரசு முத்திரையுடன் ஒரு சான்று தொங்கினால், அதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக விரும்பும் நம் பகுதி இளைஞர்களுக்கும், வங்கியில் தொழிற்கடன் கேட்பவர்களுக்கும் அதே சான்று உதவும்.

இன்னொரு காரணம் எனக்கு இவற்றினும் பெரிதாகப் படுகிறது. நுகர்வோரின் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இந்த உரிமை சட்ட வடிவம் பெறும் நாளில், சர்க்யூட் படத்தையும் அசல் உதிரிப் பாகத்தையும் வெளிக் கடைகளுக்குக் கொடுக்கச் சொன்னால், "தகுதி உள்ளவர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றுதான் நிறுவனங்கள் முதலில் கேட்கும். அதற்கு நம்மிடம் பதில் இல்லையென்றால், அந்த உரிமையின் பயன் நிறுவனங்களின் சொந்த சர்வீஸ் சென்டர்களோடு நின்றுவிடும்.

ஆகவே, மின்கம்பியாள் உதவியாளர் தேர்வை முன்மாதிரியாகக் கொண்டு, மின்னணுப் பழுதுபார்ப்பவர்களுக்கும் தமிழிலேயே ஒரு தகுதிகாண் தேர்வை அரசு நடத்த வேண்டும். சில நாள் வகுப்பில் உட்கார வைத்துக் கையில் சான்றிதழைக் கொடுக்கும் வழக்கம் இதில் கூடவே கூடாது. அத்தகைய சான்றை முதலில் மதிக்காதவர்கள் தொழிலில் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். உண்மையாகவே செத்துப்போன பவர் போர்டு ஒன்றைத் தேர்வரிடம் கொடுத்து, எங்கே எத்தனை வோல்ட் வருகிறது, எந்த பாகம் பழுது, அதை எப்படி உறுதி செய்தார் என்பதை எழுத வைக்க வேண்டும். பாகத்தை மாற்றிய பின் நேராகக் கரண்ட் கொடுக்காமல், கரண்ட் வரும் வழியில் தொடராக இணைத்த சீரிஸ் பல்பு வழியே கொடுக்கிறாரா, பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது என்று உடனே நிறுத்துகிறாரா என்று தேர்வாளர் அருகிலிருந்து பார்க்க வேண்டும். இதை எந்தக் கொள்குறி வினாத்தாளாலும் அளக்க முடியாது. பாகங்களைப் போர்டில் பற்றவைக்க, 183 டிகிரி செல்சியஸில் உருகும் பழைய ஈயக் கலவைக்குப் பழகிய கை, 217 டிகிரிக்கு மேல் உருகும் ஈயமில்லாக் கலவை வந்தபோது தடுமாறி போர்டுகளைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எனவே சான்றுக்குக் கால வரம்பு வைத்து, புதுப்பிக்கும்போது புதிய தொழில்நுட்பத்தில் மட்டும் தேர்வு வைப்பது நல்லது.

ஆனால் இந்தச் சான்றைக் கடை நடத்துவதற்கான கட்டாய உரிமமாக ஆக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தேர்வுக்குப் பயந்து நல்ல கைகாரர்களே கடையை மூடுவார்கள், அல்லது சான்றை வாடகைக்கு வாங்குவார்கள். அமெரிக்காவில் மின்னணுத் தொழில்நுட்பர்களுக்கு 1965 முதல் நடந்துவரும் தேர்வு, விரும்பியவர் எழுதும் தேர்வுதான். அதில் அனுபவம் குறைந்தவர்களுக்குத் தொடக்க நிலையும், 4 ஆண்டு நிறைந்தவர்களுக்கு அடுத்த நிலையும் உண்டு. இங்கும் அந்த இரு நிலைகள் போதும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து, முதல் தேர்வை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் சோதனை முறையில் நடத்திப் பார்க்கலாம். தேர்வை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தால் தனியாளாகக் கடை நடத்துபவர்களும் ஒரு நாள் வருமானத்தை இழக்காமல் வந்து எழுதுவார்கள்.

இப்படிக்கு,
மின்னணுச் சாதனப் பழுதுபார்ப்பவர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.