சந்திப்புக்கு முன் விசாரணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணமுறிவு வழக்குகளில் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அடிதடி நடந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது மனத்தை உறுத்துகிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான்காம் வகுப்பில் ஒரு பையன். தாயை அடித்ததாகத் தகப்பன் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் பிள்ளை தகப்பனுடன் இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு. வெள்ளிக்கிழமை மதியம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மாட்டான். கேட்டால், "அப்பா என்னை அடிக்கவில்லை டீச்சர். அம்மா எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்பான். உடம்பில் காயம் தேடுகிறவர்கள் கண்ணில் இது படுமா?

சட்டத்தில் குறையில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 21-ஆவது பிரிவில், எதிர்மனுதாரர், அதாவது புகாருக்கு ஆளானவர், வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்காகும் என்று குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) கருதினால் அனுமதி மறுத்தே ஆக வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, பிள்ளையை யார் வைத்திருப்பது என்பது போன்ற இந்த நிவாரணங்களைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம். இது பல பெண்களுக்குத் தெரிவதில்லை. வன்முறை வழக்கு ஒரு நீதிமன்றத்தில், பிள்ளை வழக்கு இன்னொன்றில் என்று நடக்கிறது. இங்கே உள்ள வழக்குக் கட்டு அங்கே போவதில்லை.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கொல்கத்தா வழக்கு ஒன்று உண்டு. மனைவியைக் கொடுமைப்படுத்திச் சாவுக்குக் காரணமானதாகக் குற்றம் சாட்டப்பட்ட தகப்பனிடமே மகனை ஒப்படைக்கச் சொல்லியிருந்தன கீழ் நீதிமன்றங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தகப்பனிடம் போக மாட்டேன் என்றான். உத்தரவு ரத்தானது; பையன் தாயைப் பெற்ற தாத்தா பாட்டியிடமே இருந்தான். தண்டனை வரவில்லை என்பதற்காக அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவெடுத்ததும் தவறு என்றது தீர்ப்பு. விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. அவ்வளவு பழைய சட்டம்!

குடும்ப நீதிமன்றம் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதும் சட்டம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடித்தவரையும் அடி வாங்கியவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "பிள்ளைக்காக விட்டுக்கொடுங்கள்" என்று கேட்பது கொடுமை. அடிப்பது தாயாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

பொய்ப் புகார்களும் வருகின்றன என்பார்கள். வரட்டும், விசாரிக்கட்டும். அதுவரை தகப்பன் பிள்ளையைச் சந்திப்பது நீதிமன்ற வளாகத்திலேயே, ஆலோசகர் முன்னிலையில் நடக்கலாமே. நேர்மையான தகப்பனுக்கு அதில் நஷ்டம் சில மாதங்கள்தான்.

நான் கேட்பது இதுதான்: வன்முறைப் புகார் இருந்தால், குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரின் அறிக்கையைப் பார்க்காமல், பிள்ளையிடம் ஆலோசகர் தனியாகப் பேசாமல், சந்திப்பு உத்தரவு எதுவும் பிறப்பிக்கக் கூடாது. எல்லாக் குடும்ப நீதிமன்றங்களுக்கும் உயர் நீதிமன்றம் இதைச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். தங்கள் இதழ் இதை வலியுறுத்தி எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி