விமர்சகர் கடைசி வரிசையில் உட்காரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரி நாடகங்களுக்கு வரும் விமர்சனம் கதைச் சுருக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. புதுப்படத்துக்கும் அதே கதி. முடிவையும் போட்டு உடைத்துவிடுகிறார்கள். கதைக்கு மூன்று வரி போதும். வசனம் கடைசி வரிசைவரை கேட்டதா? அதை எழுதுங்கள். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால், மேலே தொங்கும் மைக் கூரைச் சத்தத்தைத்தான் அள்ளும். ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிடும். மேடை விளிம்பில் தரையோடு இரண்டு மூன்று மைக் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம், நடிகர்கள் தொம்மென்று குதிக்காதவரை. விளக்கையும் கவனித்து எழுதுங்கள். நேர் எதிரே மட்டும் விளக்குப் போட்டால் முகம் அப்பளம்போலத் தட்டையாகிவிடும். இருபுறமும் 45 டிகிரியில் வேண்டும்.

ஒரே நாள் போடும் நாடகத்துக்கு அடுத்த வாரம் விமர்சனம் வந்து என்ன பயன்? இறுதி ஒத்திகைக்கே ஆளை அனுப்புங்கள். படுக மொழி நாடகமென்றால், அம்மொழி தெரிந்தவரை.

– ஒரு வாசகர், கோத்தகிரி