சேலம் கல்லூரி நிர்வாகங்களுக்கு: ஜப்பானிய மொழிக்கு ஒரு பணியிடம் கொடுங்கள்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி நடத்தும் தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அட்மிஷன் மாதங்களில் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை ஒரு நடை போய் வந்தால், ஏதாவது ஒரு கல்லூரி பேனரில் ஃபுஜி மலை தென்பட்டுவிடும். ‘ஜப்பானிய மொழிப் பயிற்சி உண்டு’ என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அந்த வரிக்குப் பின்னால் வகுப்பெடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. சென்னையில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவள். இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கிறேன். எந்தக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் என் பெயர் கிடையாது. வாசலில் செக்யூரிட்டி நீட்டும் விசிட்டர் நோட்டில்தான் கையெழுத்து.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். பயிற்சியாளரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மொழித்துறையில் ஜப்பானிய மொழிக்கு ஒரு ஆசிரியர் பணியிடம் உருவாக்குங்கள். ஒரே ஒரு இடம். ஆனால் அது சம்பளப் பட்டியலிலும் கால அட்டவணையிலும் இருக்க வேண்டும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஜப்பானியம் உங்கள் கல்லூரிகளில் மொழித்துறைக்குள் வருவதில்லை, பிளேஸ்மென்ட் செல்லுக்குள் வருகிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது காட்ட 30 மணி நேரச் சான்றிதழ்ப் படிப்புகள் தேவைப்படுகின்றன. அந்தக் கணக்கில் யோகா, டேலி, ஜப்பானியம் என்று ஒரு வரிசை. 30 மணி நேரத்தில் ஹிராகனா, கத்தாகனா எழுத்துகள், சுய அறிமுகம், எண்கள், கடையில் விலை கேட்பது வரை போகலாம். அதோடு குரூப் போட்டோ, சான்றிதழ். அடுத்த வருடம் புது மாணவர்கள், மறுபடியும் அதே ஹிராகனா. இரண்டாம் கட்டம் என்று எந்தக் கல்லூரியும் என்னை இதுவரை கூப்பிட்டதில்லை.

இந்த 30 மணி நேரம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. 2010-இல் ஐந்து நிலைகளாக மாறியது. அதற்கு முன்பு நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அன்று தேர்வு நடத்தியவர்களே சொல்லியிருந்தார்கள். அடிநிலைக்கு 150, அடுத்ததற்கு 300, அதற்கும் மேலே 600, உச்சிக்கு 900. அன்றைய அடிநிலைதான் ஏறக்குறைய இன்றைய என்-5, அடுத்த நிலை என்-4. என்-5 என்றால் ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் கிட்டத்தட்ட நூறு, சொற்கள் எண்ணூறு. ஜப்பானில் அன்றாடப் புழக்கத்துக்கென்று வகுத்த கஞ்சி மட்டும் 2,136. உங்கள் 30 மணி நேரம் முதல் படியில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொள் என்று மாணவனிடம் சொல்கிறோம். அப்புறம் ‘சேலம் பசங்களுக்கு ஜப்பானியம் வரலை’ என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

வகுப்பு நேரமும் ஒரு பிரச்சினை. கால அட்டவணையில் இடமில்லாததால் மாலை நாலரைக்கு மேல், அல்லது சனிக்கிழமை மதியம். ஒரு கல்லூரியில் செமினார் ஹாலைக் கொடுத்தார்கள். ஏசி உண்டு, புரொஜெக்டர் உண்டு, எழுதப் பலகை இல்லை. கஞ்சிக்குக் கோடு போடும் வரிசை முக்கியம், அதைக் கையால் எழுதிக் காட்டித்தான் புரியவைக்க முடியும். கடைசியில் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். அந்த வகுப்பில் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். ஹிராகனாவை எல்லாரையும் முந்திப் படித்து முடித்தவள் அவள்தான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன். பாதி வகுப்போடு கொஞ்ச நாள் சமாளித்தாள், பிறகு வரவில்லை. காலை பதினொரு மணிக்கு ஒரு பீரியட் கிடைத்திருந்தால் இன்று அவள் கையில் என்-4 இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆள் எடுக்கும் முறையும் வேடிக்கைதான். ஒரு நேர்காணலில் எதிரே முதல்வர், மெக்கானிக்கல் துறைத் தலைவர், பிளேஸ்மென்ட் ஆபீசர், அலுவலகத்திலிருந்து ஒருவர். ஜப்பானிய மொழியில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசினேன். ‘சூப்பர் மேடம்’ என்றார் ஒருவர். ‘அனிமே பார்ப்பீங்களா?’ என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பது. நான் பேசியது சரியா தப்பா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ரவா உப்புமா செய்முறையை ஜப்பானியத்தில் சொல்லியிருந்தாலும் வேலை கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கம், ஆங்கிலத் துறை விளம்பரத்தை அப்படியே நகலெடுத்து, துறைப் பெயரை மட்டும் மாற்றி, ‘எம்.ஏ.வுடன் நெட் அல்லது முனைவர் பட்டம் கட்டாயம்’ என்று போடுகிறவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் ஆசிரியர் தகுதித் தேர்வுதான் நெட். அதில் ஜப்பானியமும் ஒரு பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஜப்பானியத்தில் எம்.ஏ. வேண்டுமே. டெல்லியில் ஜே.என்.யூ., டெல்லி பல்கலைக்கழகம், சாந்திநிகேதனில் 1994-இல் ஜப்பானியப் படிப்புக்கென நிப்பொன் பவனம் எழுந்த விஸ்வபாரதி என்று அதற்கான இடங்கள் வடக்கே இருக்கின்றன. அங்கே எம்.ஏ. முடித்து, நெட்டும் எழுதிய ஒருவர் தொகுப்பூதியத்துக்குச் சேலம் பக்கத்துக் கருப்பூர் வந்து சேருவார் என்று நினைத்துத்தான் அந்த விளம்பரத்தைப் போடுகிறீர்களா? யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். ‘தகுதியான ஆள் இல்லை’ என்று கோப்பை மூடிவிட்டு, போன வருடம் என்-4 பாஸான பையனைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்வீர்கள். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். தான் ஏறி நிற்கிற படிக்கு ஒரு படி கீழே நிற்பவர்களுக்குத்தானே அவனால் கை கொடுக்க முடியும்?

இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. பணி அனுபவம் உள்ள வல்லுநர்களைப் பட்டத் தகுதி பார்க்காமல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ ஆக எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் யூ.ஜி.சி. வழிகாட்டுதல் கொடுத்தது. பதினைந்து வருட அனுபவம் கேட்கிறார்கள், மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதிகபட்சம் நான்கு வருடம். நிரந்தரத் தீர்வு அல்ல, ஆனால் தொடங்கி வைக்கப் போதும். ஜப்பானிய நிறுவனங்களில் பதினைந்து வருடம் மொழிபெயர்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அது முடியாவிட்டால் கௌரவ விரிவுரையாளர். அதற்கும் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று 2019-லேயே யூ.ஜி.சி. சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது அதில் எத்தனை பங்கு என்பது உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியும்.

எடுக்கும்போது மட்டும் ஒழுங்காகச் சோதியுங்கள். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வு கிடையாது, எழுதும் தேர்வும் கிடையாது. படிப்பது, கேட்பது, நான்கில் ஒன்றுக்குப் புள்ளி வைப்பது. என்-2 சான்றிதழ் வைத்திருக்கும் நானே சொல்கிறேன், அதை மட்டும் பார்த்து யாரையும் வகுப்புக்குள் விடாதீர்கள். அரை மணி நேரம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லி, வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம் கற்பிக்கும் ஒருவரை வீடியோவில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை.

ஒரு கல்லூரி நிர்வாகி என்னிடம் கேட்டார்: “சேலத்துக்கும் ஜப்பானுக்கும் என்னம்மா சம்பந்தம்?” அவர் கல்லூரி மாணவர்களில் நிறையப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் 2013-இல் வந்து சேர்ந்த ஒகேனக்கல் குடிநீர், ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடனில் கட்டியது. சம்பந்தம் அவர்கள் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. நான் அங்கே இதைச் சொல்லவில்லை, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சம்பந்தம் என்றால் சிலர் உடனே, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ பெயரை எடுப்பார்கள். தமிழிலிருந்தே ஜப்பானியம் கிளைத்தது என்பது போலப் பேசிக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். அந்தப் பேராசிரியரின் உழைப்பு பெரியது, ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய கருத்தை ஏற்கவில்லை. வகுப்புக்கு அந்தச் சண்டை தேவையும் இல்லை. இரண்டு மொழிகளின் வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதே போதும். ‘நான் நேற்று ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன்.’ இதை ‘வதாஷி வா கினோ ஏற்காடு நி பசு தே இகிமாஷித’ என்று சொல்லிப் பாருங்கள். எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை, நம் வேற்றுமை உருபுகள் நிற்கும் இடத்தில் அவர்களுடைய ஒட்டுகள் வந்து நிற்கின்றன. ஆனால் நம் கல்லூரிகளில் பாடநூல் விளக்கம் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் தலைகீழாக்கி, அதை மறுபடி தலைகீழாக்கி ஜப்பானியத்துக்கு வருகிறார்கள். நேர்வழியில் கூட்டிப்போகத் தமிழ்வழிப் பாடக் குறிப்புகள் வேண்டும். ‘வா’ என்ற ஒட்டுக்கும் ‘கா’ என்ற ஒட்டுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தமிழ் கைகொடுக்காத இடங்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இதையெல்லாம் எழுத ஒரு மேசையும் சில வருடங்களும் வேண்டும். மணிக்கணக்கு ஆள் எழுத மாட்டார், அடுத்த கல்லூரி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்து, அன்றைய ஊர்களின் நிலவுடைமையைப் பற்றி எழுதியவர். 2013-இல் நம் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தெற்காசிய வரலாற்றுக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒருவரை நிம்மதியாக உட்கார வைத்தார்கள். நம் பக்கத்திலிருந்து அவர்கள் மொழிக்கு 30 மணி நேரம்.

ஜப்பானில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பல்கலைக்கழகங்களில் மொழிப் பாடம் எடுப்பவர்களில் நிறையப் பேர் தொண்ணூறு நிமிட வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராக ரயில் ஏறுகிறவர்கள்தான். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து ஒப்பந்தத்தில் இருந்தால் காலவரையற்ற பணி கேட்கலாம் என்ற சட்டத் திருத்தம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பலருக்கு அதைப் பத்து வருடமாக நீட்டிவிட்டார்கள். அந்தக் குறையையாவது நாம் இறக்குமதி செய்யாமல் இருக்கலாம். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: 2024 ஏப்ரலிலிருந்து ஜப்பானியம் கற்பிப்பவர்களுக்கென்றே அங்கே ஒரு தேசியத் தகுதி வந்திருக்கிறது. மொழி தெரிந்தால் போதாது, கற்பிக்கவும் தெரிய வேண்டும் என்று சொந்த நாட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் நூறு உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானியச் சான்றிதழ்ப் படிப்பு, ஐந்து வருடத்தில் ஆயிரம் ஆசிரியர்கள் என்று 2017-இல் இரு நாடுகளும் பேசின. டெல்லியில் ஆசிரியர் பயிற்சி மையமும் வந்தது. 2025 ஆகஸ்டில் இன்னும் பெரிய பேச்சு: ஐந்து வருடத்தில் இரு பக்கமுமாக ஐந்து லட்சம் பேர் போய் வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து ஐம்பதாயிரம் பேர் திறன் பெற்ற தொழிலாளர்கள். சரி, இவர்களுக்கெல்லாம் யார் சொல்லித் தருவது? அந்த டெல்லி மையத்துப் பயிற்சிக்குப் போக எனக்கும் ஆசைதான். விண்ணப்பத்தில் ‘பணிபுரியும் நிறுவனம்’ என்ற கட்டத்தில் விசிட்டர் நோட்டைக் காட்ட முடியாதே.

நான் கேட்கும் பாடத்திட்டம் இது. தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தாங்களே முடிவு செய்யலாம். வாரம் நான்கு மணி நேரம், பதினைந்து வாரம், ஒரு செமஸ்டருக்கு 60 மணி நேரம். ஐந்து செமஸ்டரில் 300. அதாவது என்-4. ஜப்பானின் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் கேட்கும் மொழித் தகுதி அதுதான். இளங்கலையில் பகுதி நான்கின் கீழ் கிரெடிட்டோடு விருப்பப் பாடமாகத் தொடங்குங்கள். பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக வைக்காதீர்கள். மார்க் சுலபம் என்று பிள்ளைகள் தமிழை விட்டு ஓடும் வேலையை வேறு சில மொழிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன, அந்தப் பழி ஜப்பானியத்துக்கும் வேண்டாம்.

பணம்தான் தடை என்றால் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் மூன்று சேர்ந்து ஒரு பணியிடம் போடுங்கள். திங்கள், செவ்வாய் ஒரு கல்லூரி, அடுத்த இரண்டு நாள் இன்னொன்று, வெள்ளியும் சனியும் மூன்றாவது. ஊதியம் ஒரே இடத்திலிருந்து வரட்டும், பி.எஃப். பிடிக்கட்டும், மே மாதச் சம்பளமும் சேர்த்து. இப்போதே மூன்று கல்லூரிகளும் தனித்தனியாக, பயிற்சியாளரை அனுப்பும் கன்சல்டன்சிக்குக் கொடுக்கிறீர்கள், அதில் ஒரு பகுதிதான் பாடம் எடுப்பவர் கைக்கு வருகிறது. அந்தத் தொகைகளை ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். பெரியார் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவும் மனது வைத்தால், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்ட இணைப்புக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாடத்திட்டமாகவே இதைக் கொண்டுவரலாம்.

அந்தப் பணியிடத்துக்கு நானும் விண்ணப்பிப்பேன், மறைக்கவில்லை. என்னைவிடத் தகுதியான ஒருவர் வந்தால் அவரை எடுங்கள், அப்போதும் இந்த மடலில் ஒரு வரியும் மாறாது.

ஐந்து செமஸ்டருக்கான மாதிரிப் பாடத்திட்டம், தமிழ்வழிக் குறிப்புகளோடு முதல் இருபது பாடங்கள் என்னிடம் தயாராக இருக்கின்றன. உங்கள் பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன். அந்த அரை மணிக்கு பில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ஜப்பானிய மொழி ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்