ராப் ஒட்டிய சொகுசு கார்: அடியில் இருப்பதைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி கார்கள் பல மேட் கறுப்பு, சாம்பல் நிற வினைல் ராப்புடன் (பெயின்ட்டின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர்கள் மேல்தோற்ற அழகில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள் என்பதே எங்கள் கவலை.

கம்பெனி பெயின்ட்டின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ராப் அதற்குமேல் ஏறக்குறைய 100 மைக்ரான் கூட்டும். பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டரில் ஒரு கதவு 230, அடுத்த கதவு 600 காட்டினால் 600 காட்டும் கதவில் பள்ளம் நிரப்பும் பட்டி பூசி டிங்கரிங் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கார்களில் பானெட் அலுமினியமாக இருப்பதுண்டு; இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அதில் வேலை செய்யாது.

உரிக்கும்போதுதான் பெரிய செலவு. வெயிலில் காய்ந்த ராப் துண்டுதுண்டாகப் பிய்ந்து பசை தங்கிவிடும். ஹீட் கன்னால் சூடாக்கிப் பொறுமையாக இழுத்தாலும், ரீபெயின்ட் சரியாக ஒட்டாத இடத்தில் கிளியர் கோட்டும் (நிறத்தின் மேலுள்ள பளபளப்புப் பூச்சு) சேர்ந்து வரும். ராப்பைக் காரின் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டியிருந்தால் கீறல் உலோகம்வரை இறங்கியிருக்கலாம்; அப்படியானால் சென்னை, தூத்துக்குடி உப்புக்காற்றில் அங்கிருந்தே துரு தொடங்கும்.

பானெட் ஓரம், கதவின் உள்விளிம்பு, டேங்க் மூடி ஆகிய இடங்களில் கொஞ்சம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.

ஆர்.சி.யில் உள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் போலீஸ் சோதனையிலும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி வரும்.

– கார் பெயின்டிங் தொழிலாளர்கள், கோயம்புத்தூர்