அட்ல்ஸ்ட்ராப்பில் நின்ற வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதல் உலகப் போர்க் கவிஞர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வில்ஃப்ரட் ஓவன், சசூன் பற்றிய பக்கங்களைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் எட்வர்ட் தாமஸுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறார். அவர் பதுங்குகுழியில் உட்கார்ந்து கவிதை எழுதி அங்கேயே மடிந்தவராம். மடிந்தது சரி, எழுதியதுதான் தவறு. தாமஸ் பிரான்சுக்குப் போனது 1917 ஜனவரிக் கடைசியில். ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கட்கிழமை, அராஸ் சண்டை தொடங்கிய அன்றே குண்டுக்குப் பலியாகிவிட்டார். நடுவில் இருந்த பத்து வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார், சட்டைப்பை டைரியில் குறிப்பு எழுதினார். டைரியின் கடைசிப் பக்கத்தில் கவிதை மாதிரி மூன்று வரி இருக்கிறது, அவ்வளவுதான். 140-க்குச் சற்று அதிகமான அவருடைய கவிதைகள் எல்லாமே அதற்கு முன்பு இங்கிலாந்தில் எழுதியவை.

தேதியைத் திருத்த மட்டும் எழுதவில்லை. அவர் வாழ்ந்தது 39 வருஷம், பட்டாளத்தில் இருந்தது ஒன்றே முக்கால் வருஷம். மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

1878-ல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் வேல்ஸ்காரர்கள். காட்டையும் வயலையும் பற்றிய முதல் புத்தகம் வந்தபோது வயது 19. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார், பட்டம் வாங்குமுன் கையில் குழந்தை. அப்பா சர்க்கார் உத்தியோகம் பார்க்கச் சொன்னார். மகனோ பேனாவை வைத்தே பிழைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் 15 வருஷம் புத்தக மதிப்புரைதான் அரிசி பருப்பு. பதிப்பாளர் கேட்டால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தார். 1915-ல் மார்ல்பரோ பிரபுவைப் பற்றிக்கூட எழுதினார், பிரபு மேல் இருந்த பிரியத்தால் அல்ல. இந்தக் கூலி எழுத்தும் அடிக்கடி வந்து அமுக்கிய மனச்சோர்வும் வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்தே வாட்டின.

ஆனாலும் விமர்சகராக ஆளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டை ஆரம்பத்திலேயே பாராட்டினார் (பிறகு கொஞ்சம் பின்வாங்கினார் என்பதும் உண்மை). ஒரு கால் இல்லாத நாடோடிக் கவிஞர் டபிள்யூ.எச். டேவிஸுக்குத் தங்க ஒரு குடிசை பிடித்துக் கொடுத்தார். டேவிஸின் கட்டைக்கால் முறிந்தபோது, விஷயம் ஊருக்குத் தெரியக் கூடாது என்று, இன்னதென்று சொல்லாமல் படம் வரைந்து கொடுத்து உள்ளூர்த் தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொன்னார். பில்லில் அது 'விசித்திரமான கிரிக்கெட் மட்டை' என்று வந்தது.

1913 அக்டோபரில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டைச் சந்தித்தார். மறு வருஷக் கோடையில் இருவரும் கிளாஸ்டர்ஷயர் பக்கம் நடந்து தீர்த்தார்கள். உன் உரைநடையிலேயே கவிதை இருக்கிறது, அதே பேச்சு நடையில் வரி பிரித்து எழுது என்று ஃப்ராஸ்ட் விடாமல் சொன்னார். 1914 டிசம்பரில், 36 வயதில், தாமஸ் எழுத ஆரம்பித்தார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் சின்ன ஸ்டேஷன்கள்தான். நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று அங்கே நின்றுவிட்டால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஜன்னலில் நாலு தலை தெரியும். பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். அப்புறம் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதுவரை கேட்காத காக்கைச் சத்தமெல்லாம் அப்போதுதான் கேட்கும். ஒரு சின்ன ஸ்டேஷனின் பெயரில் தாமஸ் எழுதிய 'அட்ல்ஸ்ட்ராப்' கவிதையில் இருப்பது அதுதான். நீராவி சீறுகிறது, யாரோ தொண்டையைச் செருமுகிறார், ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. அவர் பார்த்தது ஊரின் பெயரை மட்டும்.

வண்டி நின்ற நாள் 1914 ஜூன் 24. அன்று அவர் எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. அட்ல்ஸ்ட்ராப்பில் அவர் குறித்தது 12.45 மணி, பிளாக்பேர்ட் பறவைகளின் பாட்டு, ஆளில்லாத நடைமேடை. கவிதையில் வரும் காட்டுப் பூக்களும் அந்த அசாதாரண அமைதியும் அதே பயணத்தில் அடுத்து கேம்ப்டனுக்கு வெளியே வண்டி நின்றபோது எழுதியவை. இரண்டு நிறுத்தத்தை ஒன்றாக்கியிருக்கிறார்! ஆறு வாரத்தில் பிரிட்டன் போரில் இறங்கியது. கவிதையை எழுதியது 1915 ஜனவரியில். போர் என்ற சொல் அதில் கிடையாது.

போரைப் பற்றி நேராகவே பேசும் கவிதையிலும் துப்பாக்கி வெடிக்காது. 1916-ல் எழுதியது ஒன்று. சாய்ந்து கிடக்கும் எல்ம் மரத்தின் மேல் அவர் உட்கார்ந்திருக்கிறார். குதிரை பூட்டி உழுகிறவன் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தில் வரும்போது ஒரு நிமிஷம் பேசுகிறான், பிறகு பத்து நிமிஷம் இடைவெளி. மார்ச்சில் பனிப்புயல் அடித்த இரவு மரம் விழுந்தது. கூட வேலை பார்த்தவன் பிரான்சுக்குப் போன இரண்டாம் நாள், அதே இரவில் செத்தான். அவன் இருந்திருந்தால் மரத்தை அப்புறப்படுத்தியிருப்போம் என்கிறான் உழவன். அப்படியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்கிறார் இவர். எழுதும்போது தாமஸ் பட்டாளத்தில் வரைபடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் போர்முனைக்குத் தானாகக் கேட்டுத்தான் போனார்.

தாமஸைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். கவிதைகளையும் மொழிபெயர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. முதலில் 'ஓல்டு மேன்' வரட்டும். வாசலோரம் நிற்கும் ஒரு செடி. சின்னப் பெண் அதன் நுனியைக் கிள்ளிக்கொண்டே போகிறாள். இவர் இலையைக் கசக்கி முகர்கிறார். ஏதோ நினைவு வருகிறது, எது என்று பிடிபடவில்லை. அந்த மணம் அவருக்குப் பிடிக்கவும் இல்லை, விடவும் மனமில்லை. அந்தச் செடி நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட உறவு, ஒரே பேரினம். ஒரு சிக்கல் என்னவென்றால் ஆங்கிலத்தில் அதற்குக் கிழவன் என்றும் பெயர், பையனின் காதல் என்றும் பெயர். கவிதை அதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மரிக்கொழுந்து என்று போட்டால் வாசனை வந்துவிடும், கிழவன் போய்விடுவான். மொழிபெயர்ப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
விருதுநகர் மாவட்டம்